உட்கார்ந்தபடியே நடக்க வைப்பது எப்படி: கண்ணை விடுங்கள், காலைப் பிடியுங்கள்

வி.ஆர். (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, தான் நடக்கிறோம் என்ற உணர்வை எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றி எழுதுகிறேன். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளினால் காட்சி முன்னால் நகர்வதைச் சொல்லவில்லை, அது விளையாட்டுகள் செய்யும் யூனிட்டி மென்பொருளில் பத்து நிமிட வேலை. அப்படி நகர்ந்தால் யாரோ நம்மைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரிதான் இருக்கும். சத்தமும் இருக்காது, கால் எங்கே இருக்கிறது என்ற நினைப்பும் இருக்காது. முட்டி வலியால் நடக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், அல்லது சின்ன அறையில் எழுந்து நின்றால் மேசையில் இடித்துக்கொள்பவர்கள் என்று எத்தனையோ பேர் வி.ஆரை உட்கார்ந்துதான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தள்ளுவண்டி போதும் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

நடை உணர்வு வரவில்லையே என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கேமராவை, அதாவது ஹெட்செட்டுக்குள் காட்சியைக் காட்டும் கற்பனைக் கண்ணை, மேலும் கீழும் ஆட்டிவிடலாம் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். நிஜமாக நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தலை நாலைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது, அதை அப்படியே ஒரு சைன் அலையாகக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். இரண்டாவது நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் நின்றவர், அன்று ராத்திரி சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிய ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, அந்த வீடியோவைப் பாருங்கள். தெரு எப்படிக் குலுங்குகிறது! ஆனால் நடக்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரு குலுங்கவே இல்லை. தலை மேலே போனால் கண் விழி அந்த நொடியே கீழே திரும்பிச் சமன் செய்துவிடுகிறது, உள்காது கொடுக்கும் தகவலை வைத்து அனிச்சையாக நடக்கிற வேலை இது. நடப்பவன் பார்ப்பது குலுங்காத தெருவை. நாம் கேமராவை ஆட்டும்போது, அசையாமல் இருக்கும் தலைக்கு முன்னால் உலகத்தைக் குலுக்குகிறோம், வயிறு புரளாமல் என்ன செய்யும்? மேசைத் திரையில் ஆடும் விளையாட்டில் இது சகஜம், சுற்றிலும் அறை அசையாமல் தெரிவதால் தாங்கிக்கொள்கிறோம். ஹெட்செட்டுக்குள் அந்த அறை இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் கேமராவைத் தொடப் போவதில்லை. நேராக, வழுக்கிக்கொண்டே போகட்டும். நடை என்ற செய்தியைக் காதுக்கும் பாதத்துக்கும் சொல்வோம்.

கண்ணுக்கு வேண்டியது

கண் பாட்டுக்குச் செய்யும் வேலை ஒன்று உண்டு. ரயில் நிலையத்தில் நம் வண்டி நின்றுகொண்டிருக்கும், பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும், ஒரு நொடி நாம்தான் கிளம்பிவிட்டோம் என்று தோன்றுமே, அதேதான். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1875-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில் இதற்கு வெக்‌ஷன் என்று பெயர். அந்த உணர்வு வர வேண்டும் என்றால் பார்வையின் ஓரங்களில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் பச்சைப் புல்வெளியில் நடக்கவிட்டால் ஒன்றும் தோன்றாது. தரையில் கண்ணுக்குத் தெரிகிற சொரசொரப்பு, பக்கத்தில் ஒரு மதில் சுவர், இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம் என்று வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 115 சென்டிமீட்டரில் இருக்கும். அப்படியே நடக்கவிட்டால் குழந்தை நடப்பது போல, அல்லது மண்டியிட்டு ஊர்வது போல இருக்கும். 40 சென்டிமீட்டர் வரை கேமராவின் அடிப்படை உயரத்தைக் கூட்டிவிடுங்கள், ஆனால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் வசதியோடு. ஆரம்பத்தில் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி அப்போதைய தலை உயரத்தை எடுத்து, அவர் சொல்லும் நிற்கும் உயரத்துக்கு நிரப்பிவிடுவதுதான் நான் செய்வது.

குனிந்து பார்த்தால் கால் தெரிய வேண்டும். இது அலங்காரம் இல்லை. ஜப்பானின் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மிச்சிதேரு கிடசாகியும் அவரோடு வேலை செய்பவர்களும் உட்கார்ந்திருப்பவரின் பாதத்தில் அதிர்வு கொடுத்து நடை உணர்வை வரவழைப்பதைப் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார்கள். 2021-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தன் உடம்பு இருக்கும் இடத்தில், தன் கண் பார்வையிலிருந்தே தெரியும் ஓர் உருவம் நடந்தால் அந்த உணர்வு கூடுகிறது என்று கண்டார்கள். உருவத்தைச் செய்ய நேரமில்லை என்றால் முதலில் நிழலையாவது போடுங்கள். சாய்வெயில் வைத்து, முன்னால் தரையில் கை கால் வீசி நடக்கும் நிழல் விழுந்தால் போதும், பாதி வேலை அதுவே செய்கிறது.

கிளம்புவதும் நிற்பதும் எப்படி என்பதில் பலருக்குக் குழப்பம். மெதுவாக வேகம் கூட்டினால் சுகமாக இருக்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் கொண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, அது வேகம் மாறுவதைத்தான் உணரும், ஒரே சீரான வேகம் அதற்குத் தெரியாது. ஆகவே காட்சியில் ஒரே சீராகப் போகும்வரை கண்ணுக்கும் காதுக்கும் சண்டை இல்லை, வேகம் மாறிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கச் சண்டைதான். அந்த நேரத்தைச் சுருக்குங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முழு வேகம், விட்டதும் நிறுத்தம். காட்சியில் ஏறி இறங்கும் இடங்களில் படிக்கட்டு வைக்காதீர்கள், சரிவான பாதையாகப் போட்டுவிடுங்கள்.

வேகம் நொடிக்கு 1.2 மீட்டரில் தொடங்குங்கள். நிஜத்தில் இது சாதாரண நடைதான், ஆனால் ஹெட்செட்டுக்குள் மெதுவாக இருக்கிறதே என்று பெரும்பாலும் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் 1.5 வரை கூட்டலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம்

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காலடிச் சத்தத்தை அரை நொடிக்கு ஒரு முறை ஒலிக்கிற மாதிரி ஒரு டைமரில் போட்டுவிட்டு, அதிர்வை இன்னொரு டைமரிலும், கால் அசைவை அனிமேஷனின் சொந்த வேகத்திலும் விட்டால் மூன்றும் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். மூன்றுக்கும் ஒரே எண்தான் ஆதாரமாக இருக்க வேண்டும், அதுவும் நேரத்தை வைத்து இல்லாமல் தூரத்தை வைத்து ஓட வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் படம் மாறும் ஒவ்வொரு முறையும், எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று எடுத்து, அதை ஓர் அடியின் நீளத்தால் வகுத்து, அந்த எண்ணோடு கூட்டிக்கொண்டே வாருங்கள். 1-ஐத் தாண்டியதும் ஒன்றைக் கழித்துவிட்டுக் கால் மாற்றுங்கள். இடது, வலது, இடது, வலது. சுவரில் முட்டி நகராமல் நின்றால் எண்ணும் நிற்கும், காலடியும் நிற்கும், தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

அடி நீளம் 0.7 மீட்டர் என்று வைத்தால் 1.2 மீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 103 அடி வரும், அது சரியான நடை. ஆனால் ஸ்டிக்கைப் பாதி மட்டும் தள்ளி 0.6 மீட்டரில் போனால் 51 அடியாகிவிடும். அது நடை மாதிரி இருக்காது, ராணுவ அணிவகுப்பின் துக்க நடை மாதிரி இருக்கும். மெதுவாக நடக்கிறவர் அடியைச் சின்னதாகவும் வைக்கிறார் அல்லவா? அதனால் அடி நீளத்தை வேகத்தின் வர்க்கமூலத்தோடு சேர்த்து மாற்றுங்கள். 0.6 மீட்டர் வேகத்தில் அடி நீளம் அரை மீட்டர் ஆகும், நிமிடத்துக்கு 73 அடி வரும், அது நம்பும்படி இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம், நிற்கும்போது அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாமல் 0.5-க்குக் கொண்டுபோங்கள். அப்போதுதான் ஸ்டிக்கைத் தள்ளியதும் 0.3 நொடியை ஒட்டி முதல் அடி விழும். பூஜ்யத்தில் தொடங்கினால் அரை மீட்டருக்கு மேல் சத்தமில்லாமல் வழுக்கிய பிறகுதான் முதல் அடி கேட்கும், அந்த ஒரு வழுக்கலிலேயே எல்லாம் பொய் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நிறுத்தியதும், தூக்கிய கால் கீழே வரும் சின்னச் சத்தம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

சத்தத்தை நீங்களே பதிவு செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் காலடிச் சத்தங்கள் பெரும்பாலும் தடித்த பூட்ஸ் போட்டு மரத்தரையில் நடந்தவை. விடிகாலையில், தெருச் சத்தம் அடங்கியிருக்கும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், போனைக் கணுக்கால் உயரத்தில் ஒரு செங்கல் மேல் வைத்து, அதைச் சுற்றி நடங்கள். சிமெண்ட் தரை, ஜல்லி, காய்ந்த சருகு, ஈரத்தரை, ஒவ்வொன்றுக்கும் ஆறு முதல் எட்டு அடிகள் தனித்தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு, கலைத்துப் போட்டு ஒலிக்கவிடுங்கள், சுருதியைச் சிறிதளவு ஏற்றி இறக்கி. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் காது பத்தாவது அடியில் கண்டுபிடித்துவிடும்.

பதிவு செய்யும்போது நான் கவனித்தது: ரப்பர் செருப்பு போட்டு நடந்தால் 'சப்' என்று வருகிற சத்தம் கால் தரையில் படும்போது வருவதில்லை. குதிகால் எழும்பிய பிறகு செருப்பு பின்னாலேயே வந்து குதிகாலில் அடிக்கும் சத்தம் அது. நான் அதைத் தரையில் படும் நொடியில் ஒலிக்க வைத்துவிட்டு, ஏதோ சரியில்லையே என்று ஒரு நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் வேண்டுமென்றால் தரையில் படும் மந்தமான ஒலியை அதன் நேரத்திலும், 'சப்'பை அந்தக் கால் எழும்பும் நேரத்திலும் தனித்தனியாகப் போடுங்கள். சத்தம் வரும் இடத்தையும் காதருகே வைக்காமல் பாதத்தில் வையுங்கள், இடது காலுக்கு இடப்பக்கம், வலது காலுக்கு வலப்பக்கம்.

பாதத்துக்கு

இங்கே ஒரு கேள்வி. உங்கள் ஆளால் குதிகாலைத் தூக்கித் தரையில் தட்ட முடியுமா? முடியும் என்றால் மோட்டாரெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முன்பாதம் தரையிலேயே இருக்க, குதிகாலை மட்டும் மாற்றி மாற்றித் தூக்கி வைப்பதே நடைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. தட்டல் உணர்வு இலவசம், அதற்கும் மேலாக 'நான்தான் நடக்கிறேன்' என்ற எண்ணம் கிடைக்கிறது. நின்ற இடத்திலேயே நடப்பவர்களுக்குப் பொத்தானை அழுத்தி நகர்கிறவர்களைவிட அந்த இடத்தில் இருக்கும் உணர்வு கூடுகிறது என்று வி.ஆர். ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 1995-லேயே சொல்லிவிட்டார்கள். தட்டலைக் கண்டுபிடிக்கக் கெண்டைக்காலில் ஒரு சின்ன முடுக்கமானியைக் கட்டலாம், எம்பியு6050 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் கை வீச்சைக் கன்ட்ரோலரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கடிகாரத்தை ஓட்டுவது அவருடைய தட்டல்தான், நீங்கள் அதைத் தொடர்ந்து காட்சியை நகர்த்துகிறீர்கள்.

முடியாது, அல்லது பத்து நிமிடத்தில் கால் ஓய்ந்துவிடுகிறது என்றால் அதிர்வு செருப்பு செய்வோம். தேவையானவை: வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டான ஈஎஸ்பி32 ஒன்று, போனுக்குள் இருக்கும் வகையைச் சேர்ந்த 10 மில்லிமீட்டர் வட்ட அதிர்வு மோட்டார் நான்கு, யூஎல்என்2003 சிப் ஒன்று, பவர் பேங்க் ஒன்று, பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. போர்டின் இணைப்பு முனையிலிருந்து (பின்) மோட்டாரை நேரடியாக இயக்காதீர்கள், அந்த முனை அவ்வளவு மின்னோட்டம் தாங்காது. யூஎல்என்2003-க்குள் ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகளும் அவற்றைக் காக்கும் டயோடுகளும் ஏற்கெனவே இருப்பதால் தனித்தனியாகப் பற்ற வைக்கும் வேலை மிச்சம். டயோடுகளுக்கான பொது முனையை 5 வோல்ட்டில் இணைக்க மட்டும் மறக்காதீர்கள். சிப்பிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும், மீதி நாலு வோல்ட் 3 வோல்ட் மோட்டாருக்கு அதிகம், அதனால் மோட்டாருக்கு விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கும் துடிப்பின் அகலத்தை (PWM) 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். கிளம்பும் முதல் 20, 30 மில்லி விநாடிக்கு மட்டும் முழுசாகக் கொடுக்கலாம், மோட்டார் சட்டென்று சுற்ற ஆரம்பிக்கும்.

ஒரு செருப்புக்கு இரண்டு மோட்டார். ஒன்று குதிகால் நடுவில், இன்னொன்று பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில். பிளேடால் மோட்டார் அளவுக்குப் பள்ளம் வெட்டி, அதில் மோட்டாரை வைத்து, மேல் பக்கம் செருப்பின் மேற்பரப்போடு சமமாக வருகிற மாதிரி ஒட்டுங்கள். ஆழமாகப் புதைத்தால் ரப்பர் அதிர்வை முழுக்க விழுங்கிவிடும், என் முதல் ஜோடி அப்படித்தான் வீணானது. மோட்டாரின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினால் அதிர்வு பரவலாகத் தெரியும், பழைய ஏடிஎம் கார்டை வெட்டி ஒட்டினேன், அருமையாக வேலை செய்கிறது. அந்த மோட்டாரின் கம்பிகள் தலைமுடி மாதிரி இருக்கும், ஒரு இழுப்பில் அறுந்துவிடும். கம்பி வெளியே வரும் இடத்தில் ஹாட் குளூ ஒரு சொட்டு கட்டாயம்.

இனி நேரம். குதிகால் மோட்டார் முதலில், அதிலிருந்து 100 மில்லி விநாடி கழித்து முன்பாத மோட்டார், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 மில்லி விநாடிக்கு. இந்த இரண்டு தட்டல்தான் 'பாதம் உருண்டு படிகிறது' என்று மூளைக்குச் சொல்கிறது. ஒரே ஒரு தட்டல் கொடுத்தால் போன் அடிப்பது போலத்தான் இருக்கும், இரண்டையும் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் ஒன்றுக்குத் திரும்ப மாட்டார்கள். மோட்டார் முழு வேகத்துக்கு வர 50 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், வைஃபையில் போக இன்னும் கொஞ்சம். இதற்காகப் பயப்பட வேண்டாம். அடுத்த அடி எப்போது விழும் என்பது நம் கடிகாரத்துக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் 60 மில்லி விநாடி முன்னாலேயே கட்டளையை அனுப்பிவிடலாம். ஹெட்செட்டிலிருந்து யுடிபி பொட்டலமாக, அதாவது பதிலுக்குக் காத்திராத சின்ன வைஃபைச் செய்தியாக, அனுப்புங்கள், ஒரு பைட் போதும். ஈஎஸ்பி32-ல் வைஃபை உறக்க நிலையை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் சில அடிகள் சரியாகவும் சில அடிகள் தாமதமாகவும் வந்து, குடித்துவிட்டு நடப்பவன் மாதிரி ஆகிவிடும்.

செருப்பு வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுருக்குவழி: இரண்டு பிளைவுட் துண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன ஸ்பீக்கர், நான்கு மூலையிலும் ஸ்பாஞ்ச். காலடிச் சத்தத்தின் இடது சேனல் இடது பலகைக்கு, வலது வலதுக்கு. ஒரே பலகையில் இரண்டு காலையும் வைத்தால் எந்தக் கால் என்று தெரியாமல் போய்விடும், பிரித்தே வையுங்கள். புளூடூத் வேண்டாம், தாமதம் தாங்காது.

காலில் உணர்வே இல்லாதவர்களுக்கு இதெல்லாம் பயன்படாது. அவர்களுக்கு அதே இரட்டைத் தட்டலைக் கன்ட்ரோலர்களில் இடம் வலமாகக் கொடுங்கள், லேசாக. கால் அளவுக்கு வராது என்றாலும் தள்ளுவண்டியைவிட நல்லது.

திரும்புவது

சுழல் நாற்காலி இருந்தால் உடம்பையே திருப்பச் சொல்லுங்கள், அதை மிஞ்ச எதுவும் இல்லை. இல்லையென்றால் ஸ்டிக்கைத் தள்ளியதும் காட்சி ஒரே தாவலில் 30 டிகிரி திரும்பட்டும். வழுவழுப்பான திருப்பம் அழகாக இருக்கும், வாந்தியும் வரும். போகும் திசையைத் தலையோடு கட்டாதீர்கள். பக்கவாட்டில் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டே நேராக நடப்பதுதானே நடை? கன்ட்ரோலர் பிடித்திருக்கும் கை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போகட்டும்.

பார்வை ஓரத்தை இருட்டாக்கும் வசதி யூனிட்டியில் வி.ஆருக்கான எக்ஸ்ஆர் தொகுப்பில் தயாராகவே இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016-ல் பார்வைப் பரப்பை மெல்ல மெல்ல, பலருக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கியே குமட்டலைக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் நகர்கிறோம் என்ற உணர்வைக் கொடுப்பதும் அதே ஓரம்தான், முழுக்க மூடினால் நடையும் போய்விடும். நான் திரும்பும்போது மட்டும் போட்டுவிட்டு நேராகப் போகும்போது எடுத்துவிடுகிறேன்.

சோதிப்பது

'நடக்கிற மாதிரி இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் நம் மனசு நோகக் கூடாதென்று ஆமாம் என்பார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை வயிறு எப்படி இருக்கிறது என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் மட்டும் கேளுங்கள். கொட்டாவி விட்டாலோ நெற்றியில் வியர்த்தாலோ அவர் பரவாயில்லை என்று சொன்னாலும் கழற்றிவிடுங்கள். மேசை விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள், அது குமட்டலுக்கும் உதவும், நடக்கும்போது முகத்தில் படும் காற்றாகவும் ஆகும். மற்ற நேரமெல்லாம் முகத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள்.

முதல் சோதனைக்குப் பிறகு அப்பாவை மறுபடி உட்கார வைக்க ஒரு மாதம் ஆனது. இந்த முறை குலுக்கல் கிடையாது, ரப்பர் செருப்பு, மொட்டை மாடியில் எடுத்த சிமெண்ட் சத்தம், முன்னால் நிழல். காட்சியில் ஒரு வீட்டு வாசல் வைத்திருந்தேன், அதில் அரையடி உயரத்துக்கு ஒரு நிலைப்படி, வெறும் படம்தான், தாண்டினால் எதுவும் நடக்காது. நாலு நிமிடம் பேசாமல் போய்க்கொண்டிருந்தவர் அந்த வாசலுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலைச் செருப்போடு தூக்கி, கம்பி இழுபட, அந்தப் படியைத் தாண்டி வைத்தார். குதிகால் மோட்டாரின் கம்பி அறுந்துவிட்டது. ஹாட் குளூவை ஒரு சொட்டு இல்லை, இரண்டு சொட்டு வையுங்கள்.